பங்காளிப் பட்டை

ஒரு பெண்பிள்ளையை ஆட்டுத் தொடையால் அடித்தவன் என்று வண்டியூர் அடுக்குக் குடியிருப்பு முழுக்கச் சோலைமலைக்குப் பெயர் விழுந்தது. அபாண்டம் என்று சொல்ல வழியில்லை. அடித்தான். மாடி முழுக்கப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சினன் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்று கறிக்கடையில் முழுத் தொடை ஒன்றை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்டை விட்டு இறங்கினான். எதிரே பக்கத்து வீட்டு மங்கையர்க்கரசி நின்றாள். கையில் இரும்புத் தோசைக்கரண்டி.

“அந்தச் சேவல நீங்க அறுக்குறீங்களா, இல்ல நான் வந்து அறுக்கட்டுமா?”

“யம்மா, அது சண்டைச் சேவலும்மா. கூவத்தான் செய்யும். பாட்டா பாடும்?”

அவ்வளவுதான். கரண்டி அவன் புருவத்தில் இறங்கியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியதும் அவன் கையில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வீசினான். தொடை அவள் தோளில் பட்டு, அவள் சுவரில் மோதி, கோலத்தின் மேல் உட்கார்ந்தாள். சுத்த சைவக் குடும்பம். புடவையெல்லாம் கறி. அவள் எழுந்து மறுபடி கரண்டியை ஓங்கினாள். அவனும் தொடையை ஓங்கினான். பிரித்துவிட வந்த கேஸ் சிலிண்டர்காரனுக்கு ரெண்டு பக்கமும் விழுந்தது.

அவள் கணவர் சபாநாயகம் கதவைத் திறந்து வந்து எல்லோரையும் கும்பிட்டார். ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி, குடியிருப்போர் சங்கச் செயலாளர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. “மன்னிக்க வேண்டும். கொஞ்சம் முன்கோபி” என்று மனைவியின் முழங்கையைப் பிடித்து மெதுவாக உள்ளே கூட்டிப்போனார். அந்தக் கதவு எப்போதும்போலச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான், ஆனால் ஏழாம் பொருத்தம். சோலைமலை கீழ்த்தளத்தில் பரோட்டாக் கடை வைத்திருந்தான். அவன் வீட்டுக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை. மீன் வறுவல், ஒலிபெருக்கியில் பாட்டு, பால்கனியில் சேவல், எல்லாவற்றுக்கும் மேலே அவன் மனைவி பேச்சியம்மாளின் தொண்டை. அவர்களுக்குச் சண்டை காப்பி மாதிரி, காலையும் மாலையும் வேண்டும். தட்டுகூடப் பறக்கும். பக்கத்து வீட்டில் கரண்டி கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்டதில்லை. வாசலில் செருப்புகள் அளவெடுத்து வைத்தமாதிரி கிடக்கும். “அந்த சாரப் பாருங்க, பொண்டாட்டிய வாங்க போங்கன்னு கூப்புடுறாரு. நீங்களும் இருக்கீங்களே” என்று பேச்சியம்மாள் இடித்துக் காட்டாத நாளில்லை.

வழக்கு அண்டை வழக்கு மன்றத்துக்குப் போனது. வைகை ஊருக்குள் வந்து, மதுரை பாதி மேடேறி, சனங்கள் ஒருவர் தலைமேல் ஒருவராகக் குடியேறிய காலத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைகளுக்கு ஜெயில் போதவில்லை. அப்போது வந்ததுதான் அந்தப் பட்டை. சட்டப் புத்தகத்தில் அதற்கு முழ நீளப் பெயர். மக்கள் வைத்த பெயர் பங்காளிப் பட்டை.

மன்றத்தில் பட்டை ஒட்டும் நெல்சன் என்ற இளைஞன் இருவர் பிடரியிலும் பொட்டளவில் ஒன்றை அழுத்தினான்.

“இனிமே உங்களுக்கு வலிச்சா அவங்களுக்கும் வலிக்கும். அவங்களுக்கு வலிச்சா உங்களுக்கும். அதே இடம், அதே அளவு. காயம் மட்டும் வராது. அவங்கள அடிக்கிறது உங்களையே அடிச்சுக்கிறதுக்குச் சமம்.”

“பிய்ச்சுட்டா?” என்றான் சோலைமலை.

“ரெண்டு பேருக்கும் ஜெயில்.”

நடுவர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஆறு மாசம். ஒழுங்கா இருந்தா எடுத்துருவோம். திருந்தலைன்னா நீட்டிப்போம். போங்க.”

சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள். தன்னை அடித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்று நம்பினார்கள். அவர்களுக்குப் பக்கத்து வீடு இருந்ததில்லைபோல.

முதல் நாள் சோலைமலை வாசற்படியில் கால் இடித்துக்கொண்டபோது சுவருக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசி “ஐயோ” என்று கத்தினாள். அவனுக்கு வலியிலும் ஒரு குளிர்ச்சி. மறுநாள் காலை அவள் தேவாரம் பாட உட்காரும் நேரம் பார்த்து, நாக்கைப் பொசுக்கும் சீனி மிளகாய் ஒரு பிடியை வாயில் போட்டு மென்றான். கண்ணில் நீர் தாரையாக ஓட, தேவாரம் பாதியில் அறுந்ததைக் கேட்டுச் சிரித்தான். அன்று சாயங்காலம் அவள் தன் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். கல்லில் வீசிக்கொண்டிருந்த பரோட்டா பறந்து போய்ச் சாப்பிட வந்தவர் மடியில் விழுந்தது.

அப்புறம் சொல்ல வேண்டுமா? அவன் மூக்கு மயிரைப் பிடுங்கினான். அவன் மீன் தின்னும் நேரம் பார்த்து அவள் கன்னத்தை உள்ளே கடித்தாள். அவன் சுத்தியலால் கால் பெருவிரலில் போட்டான். அவள் அம்மிக் குழவியை முழங்காலில் இறக்கினாள். இருவரும் நொண்டிக்கொண்டே லிஃப்டில் சந்தித்து, ஒருவரை ஒருவர் முறைத்து, அவரவர் தொடையை அவரவர் கிள்ளினார்கள்.

“தன் மூக்க அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுன கதையா இருக்கு” என்று பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இப்ப அறுத்தா ரெண்டு மூக்கும்ல போகும்? அது லாபந்தானடி.”

நாளாக ஆக அந்தப் பக்கத்து அடி பலத்தது. காலையில் சேவல் கூவிக் கொஞ்ச நேரத்தில் விலாவில் ஒன்று விழும். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுக்கும் வலி வரும். சில நேரம் சாப்பாட்டு வேளையில் கன்னத்தில் அறை. சோலைமலை விடுவானா? ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தான். பூரிக்கட்டையால் முழங்கையில் போட்டுக்கொண்டான். நெற்றியைச் சுவரில் முட்டினான். வாசலில் பார்த்த சபாநாயகம் வருத்தப்பட்டார்.

“சொன்னால் கேட்பதில்லை சார். உங்கள் மேலுள்ள கோபத்தில் சுவரில் மோதிக்கொள்கிறாள். நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

“நீங்க தங்கமான மனுசன் சார்” என்றான் சோலைமலை. மனதாரத்தான் சொன்னான்.

ஒரு மதியம் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். நட்டநடு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் கீழே, ஒரு குத்து விழுந்தது. மாவுக்குள் முகம் குப்புறப் போனது. நிமிர்வதற்குள் அதே இடத்தில் இன்னொன்று. மூச்சு அடைத்தது. மாவு முகத்தோடு மாடி ஏறி வந்தான்.

“பேச்சி, புது வித்தை கத்துக்கிட்டா அவ. நட்டமுதுகுல போடுறா. அதே எடத்துல திருப்பிப் போடாம நான் சோறு திங்க மாட்டேன்.”

வலக்கையைத் தோளுக்கு மேலே விட்டான், எட்டவில்லை. இடக்கையைக் கீழிருந்து வளைத்தான், எட்டியது, ஆனால் அங்கிருந்து குத்த முடியவில்லை. தடவத்தான் முடிந்தது. விளக்குமாற்றுக் கட்டையை விட்டுப் பார்த்தான். கதவு நிலையில் முதுகை மோதிப் பார்த்தான். அது அகலமாகப் பரவும் வலி. இது உருண்டை வலி, கையை முட்டியாக மடக்கி இறக்கினமாதிரி.

“நீ குத்துடி.”

“நெசமாவா?” பேச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள்போல முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து ஒன்று விட்டாள்.

“கொஞ்சம் கீழ. அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. ஆங்! இதுதான்! அச்சு அசல் இதேதான்!” வலியில் நெளிந்துகொண்டே கைகொட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. “வாங்கிருப்பா. நல்லா வாங்கிருப்பா. இன்னொன்னு போடு.”

பேச்சியம்மாள் போடவில்லை. மடக்கிய கையைத் தன் கண் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க” என்றாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக இறங்கி அவன் கேட்டதில்லை. “அந்தம்மா இத எந்தக் கையால குத்திக்கிட்டுச்சு?”

சோலைமலைக்குச் சிரிப்பு வாயிலேயே நின்றது. விலாவில் விழுந்தது. மயிரைப் பிடித்து இழுத்தது. கன்னத்தில் விழுந்த அறை, எப்போதும் இடது கன்னத்தில், எதிரே நிற்பவன் வலக்கையால் அறைகிறமாதிரி. ஒவ்வொன்றுக்கும் அவன் கொடுத்த பதில். அவள் அடிவாங்கி விழுந்த பிறகு, பூரிக்கட்டையும் சுத்தியலுமாகப் போய் அவள்மேல் மறுபடி விழுந்தது அவன். இப்போது பேச்சியின் கையும் சேர்ந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினான். அதுவும் அவளுக்குத்தான் போகும் என்று நினைவு வந்து, தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் மாலை மொட்டைமாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து தள்ளி நின்றான்.

“சார்தானா?” என்றான்.

அவள் திரும்பவில்லை. கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “என்னைக்காவது கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன். முதுகுல விழுந்தா உங்களுக்கும் முதுகுதானே.”

“சேவலுக்காகவா?”

“கூவுனா எந்திரிச்சிருவாரு. தூக்கம் கெட்டா யார் மேலயாவது காட்டணும்ல. அதான் கரண்டியத் தூக்கிட்டு வந்தேன். வேற வழி தெரியல.”

“நான் பாவி, திருப்பித் திருப்பி…”

“அது முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு.” அவள் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அப்புறம் ஒரு மாதிரி ஆயிருச்சுண்ணே. அடிச்சு முடிச்சிட்டு அவரு பேப்பர் படிக்க உக்காந்துருவாரு. ஒண்ணுமே நடக்காதமாதிரி வீடு இருக்கும். எனக்கே சந்தேகமா இருக்கும், நடந்துச்சா இல்லையான்னு. அப்ப உங்க சுத்தியல் வந்து கால்ல விழும். சரி, ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குன்னு இருக்கும். பைத்தியக்காரத்தனந்தான்.”

அவன் அன்றைக்கே சேவலை வாடிப்பட்டி மச்சினனிடம் அனுப்பிவிட்டான். பாட்டை நிறுத்தினான். பேச்சியம்மாள் குசுகுசுவென்று பேசப் பழகித் தொண்டை கட்டிக்கொண்டாள். அடி நிற்கவில்லை. கறிவேப்பிலை தட்டோரம் இருந்ததற்கு ஒன்று, சட்டைக் காலரைச் சரியாகத் தேய்க்காததற்கு ஒன்று. சேவல் வெறும் சாக்கு என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. போலீசுக்குப் போகலாம் என்றால், அவள் கையெழுத்து வேண்டும். அவள் போட மாட்டேன் என்றாள். “விசாரிச்சுட்டுப் போயிருவாங்க. அப்புறம் அந்த வீட்டுக்குள்ள இருக்கப்போறது நான்தானே?”

ஆறு மாதக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டையை எடுத்துவிட்டால் அவனுக்கு விடுதலை. அவளுக்கு அந்த ஒரு சாட்சியும் போய்விடும்.

சோலைமலை நெல்சனைத் தேடிப் போனான்.

“அந்தாளுக்கும் அந்தம்மாவுக்கும் ஒரு பட்டையப் போட்டு விடுங்க தம்பி.”

“முடியாதுண்ணே. பட்டை பக்கத்து வீட்டாருக்குத்தான். ஒரே வீட்டுக்குள்ளன்னா குடும்ப விவகாரம்னு சட்டத்துல தள்ளி வச்சுட்டாங்க. புருசன் பொண்டாட்டிக்குப் போடலாம்னு ஒருத்தர் சொன்னதுக்கு, சட்டசபையில எல்லாரும் எந்திரிச்சு வெளியே போயிட்டாங்களாம்.”

“போவாங்க, போவாங்க.” சோலைமலை கொஞ்சம் யோசித்தான். “எனக்கு ரெண்டாவது பட்டை ஒண்ணு போட்டா?”

“யாரோட?”

“அந்தாளோட.”

நெல்சன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

“வாங்குன வலி வந்த வழியே திரும்பிப் போகாது. ஆனா இன்னொரு வழி திறந்திருந்தா அதுல போகும். அது உங்க வலியா, அவங்க வலியான்னு பட்டைக்குத் தெரியாதுண்ணே. அந்தம்மாவுக்கு விழுந்தா உங்களுக்கு. உங்களுக்கு வந்தா அவருக்கு.” நிமிர்ந்து பார்த்தான். “நடுவுல ஒயர் மாதிரி நீங்க கெடப்பீங்க. ரெண்டு பக்கத்து வலியும் உங்க மேலதான் ஓடும். யோசிச்சுக்கங்க.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“அவரு உங்கள அடிக்கணும், நீங்க அவர அடிக்கணும். பொது இடமா இருக்கணும். சாட்சி இருக்கணும். பழைய பட்டையும் கழண்டுறக் கூடாது.”

கேட்கச் சுலபம். சபாநாயகத்தைக் கை நீட்ட வைப்பது குதிரைக்குக் கொம்பு முளைக்க வைக்கிற வேலை. சோலைமலை அவர் வாசலில் நெத்திலிக் கருவாட்டைத் தோரணம் கட்டினான். “உங்கள் பழக்கம் உங்களுக்கு” என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திய கொஞ்ச நேரத்தில் சோலைமலைக்கு விலாவில் உதை விழுந்தது. அவன் அப்படியே சுருண்டு உட்கார்ந்தான். அதோடு சீண்டுவதை விட்டுவிட்டான். ஊரார்முன் விழுங்கிய கோபத்தை அந்த மனிதர் எங்கே கொண்டுபோய் இறக்குகிறார் என்று முதுகுக்குத் தெரிந்துவிட்டது.

வழி சொன்னவள் மங்கையர்க்கரசிதான். மொட்டைமாடியில் பேச்சியம்மாளிடம் சொன்னாள்.

“அவருக்கு ஒண்ணுதான் தாங்காதுக்கா. அவரு பேசும்போது நான் சிரிச்சிறக் கூடாது. கல்யாணமான புதுசுல ஒருக்க சிரிச்சேன், பல்லு போச்சு. அப்புறம் சிரிக்கல.”

“இப்ப சிரிப்பியா?” என்றாள் பேச்சியம்மாள்.

“வரணுமே” என்றாள் அவள்.

சங்கத்தின் மாதக் கூட்டம் கீழ்க்கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுண்டல், எல்லா மாடி ஆட்களும். சபாநாயகம் எழுந்து, அமைதியான இல்லமே கோயில் என்று தொடங்கினார். முன்வரிசையில் மங்கையர்க்கரசி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோலைமலை. அவர் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள்போல இருந்தாள்.

சோலைமலை வேறு வழியில்லாமல் குனிந்து தன் உள்ளங்காலை நகத்தால் கீறினான். நோகிற அளவுக்கு இல்லை, மெல்ல, எறும்பு ஊர்கிறமாதிரி. வலி போகிற பட்டையில் கூச்சமும் போகுமா என்று அவனுக்கே தெரியாது. மங்கையர்க்கரசி காலை வெடுக்கென்று இழுத்தாள். அவன் மறுபடி கீறினான். அவள் திரும்பிப் பார்த்தாள். கறிமூட்டை மாதிரி மடிந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய மனுசன் ஒருவன் கூட்டத்தில் தன் பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

அவள் சிரித்துவிட்டாள். கூடம் அதிரச் சிரித்தாள். அடக்கப் பார்த்து இன்னும் பெரிதாக வெடித்தது.

“அமைதியே…” என்ற சபாநாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது. முகம் கறுத்தது. கூட்டம் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. இரண்டே எட்டில் இறங்கி வந்து, வீட்டுக்குள் ஓங்குகிற அதே பழக்கத்தில் கையை ஓங்கினார். சோலைமலை தாவித் தன் கன்னத்தைக் குறுக்கே கொடுத்தான். அறை பளீரென்று விழுந்தது. பின்னால் மங்கையர்க்கரசியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் பாத்தீங்கள்ல? பாத்துக்கங்க சாமிகளா!” என்று கூவினான் சோலைமலை. அப்புறம் ஆறு மாதத்து விலாவையும் முதுகையும் நினைத்துக்கொண்டு, மாவு அடித்துப் பழகிய கையால் அவர் மூக்கில் ஒன்று விட்டான். மூக்கு உடைந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. சபாநாயகம் நாற்காலியைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினார். பின்னால் மங்கையர்க்கரசி தலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். அவர் அவன் காதைக் கடித்தார். அவன் அவரைச் சுண்டல் அண்டாவுக்குள் தள்ளினான். அந்த மனிதருக்கு இத்தனை கெட்ட வார்த்தை தெரியுமா என்று கூட்டம் வாயைப் பிளந்தது. பேச்சியம்மாள் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று, “சாட்சி! நான் சாட்சி! நீங்களும் சாட்சி!” என்று ஒவ்வொருவரையும் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மன்றத்தில் இரண்டு வழக்கும் ஒரே நாள் வந்தன. முதலில் பழைய பட்டை.

“ஆறு மாசமாச்சு. ரெண்டு பேரும் திருந்தியாச்சா?” என்றார் நடுவர் அம்மாள்.

மங்கையர்க்கரசி செருப்பைக் கழற்றினாள். சோலைமலை வாய்க்குள், “மெதுவாம்மா” என்றான். அவள் மெதுவாக அடிக்கவில்லை. சத்தம் கேட்டு வெளியே நின்ற சேவகன் ஓடி வந்தான். இருவரும் ஒரே கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

“சேவல்காரப் பயலே!” என்று அவள் கத்தினாள். குரல் உடைந்து பாதியில் நின்றது. நடுவர் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஜென்மத்துக்கும் திருந்தாதுங்க. நீட்டிப்பு.” அடுத்த வழக்கைப் பார்த்தார். “சோலைமலை, நீங்க மறுபடியுமா? நெல்சன், ஒரே ஆளுக்கு ரெண்டு பட்டை போடத் தடை இருக்கா?”

“தடைன்னு எதுவும் எழுதலைங்கம்மா.”

சபாநாயகம் மூக்கில் கட்டோடு எழுந்தார். தணிக்கை பார்த்த மனிதர். எதையும் கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். “ஒரு விளக்கம். இவருக்கு வேறு எங்கிருந்தோ வரும் வலிக்கும் நான் பொறுப்பாக வேண்டுமா?”

நெல்சன் அவர் பிடரியைத் துடைத்துக்கொண்டே, “நீங்க ஒழுங்கா இருந்தா உங்களுக்கு எதுவும் வராது சார்” என்றான். பட்டையை அழுத்தினான்.

“நான் ஒழுங்கானவன்தான்” என்றார் சபாநாயகம்.

மறுநாள் காலை சோலைமலை எதுவும் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, வாயில் துண்டைக் கடித்துக்கொண்டான். பேச்சியம்மாள் அவன் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. முதுகில் வழக்கமான இடத்தில் குத்து விழுந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சபாநாயகம் அலறினார்.

அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை. மாடியில் கதவுகள் திறந்தன. “எவன்டா? எவன்டா என்னை அடிச்சது?” என்று கத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சோலைமலையின் இடது கன்னத்தில் ஒரு சின்ன அறை, சோதித்துப் பார்க்கிறமாதிரி. அந்தப் பக்கம் ஒரு முனகல். அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. அன்று முழுக்க விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை.

பேச்சியம்மாள் பாட்டைப் போட்டாள், கேசரி கிண்டினாள். சோலைமலை எத்தனையோ மாதம் கழித்து மல்லாந்து படுத்தான். உலகத்தில் எதையோ ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு வாரம் அப்படியே போயிருக்கும்.

அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வலக்கை விரல் நுனிகளில் சுரீரென்றது. சூடு. கல்லோடு பிழைக்கிறவனுக்குச் சூட்டில் இனம் தெரியும். கை தவறிப் பட்ட சூடு தொட்டதும் விலகிவிடும். இது விலகவில்லை. காய்ந்த தோசைக்கல்மேல் விரல்களை வைத்து, எடுக்காமல், அழுத்திப் பிடித்த சூடு.

பக்கத்து வீட்டில் சபாநாயகம், “அம்மா! ஐயோ, போதும், எடுடி!” என்று அலறிக்கொண்டு ஓடும் காலடி கேட்டது. பாத்திரம் உருண்டது. சூடு நின்றது. மூச்சு வாங்குவதற்குள் மறுபடி வந்தது.

பேச்சியம்மாள் ஓடி வந்தாள். “அந்தாளு திரும்ப ஆரம்பிச்சுட்டானா?”

“அவன் இல்ல” என்றான் சோலைமலை. விரல்களை வாளித் தண்ணீரில் விட்டான். அது அவன் விரலில் பட்ட சூடு இல்லை, தண்ணீருக்குத் தணியாது என்று தெரிந்தும் விட்டான். அங்கே அவள் விரல் நிஜமாகவே வெந்துகொண்டிருந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்த் தடுப்பைத் தட்டினான்.

“யம்மா! என்னம்மா பண்ற?”

அந்தப் பக்கம் சமையலறை ஜன்னல் திறந்தது. அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் நிதானமாக, கொஞ்சம் கூச்சத்தோடு வந்தது.

“உங்களுக்கு ரொம்ப வலிக்குதாண்ணே?”

பின்னால் பேச்சியம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம், நெல்சனிடம் போய்க் கழற்றிவிடலாம் என்று சைகை காட்டினாள். உள்ளே சபாநாயகம் குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா” என்றான் சோலைமலை. “நமக்குப் பழகுன சூடுதான்.”

“சரிண்ணே” என்றாள் அவள். ஜன்னல் சாத்திக்கொண்டது. சோலைமலை துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டான்.